எஞ்சின் மருந்து

மெக்கானிக் எஞ்சின் மூடியைக் கழற்றினார். திறந்த எஞ்சினுக்குள் கறுப்புக் கசடு தார் மாதிரி அப்பிக் கிடந்தது. அவருடைய தங்கை புருஷன் விற்கிற ஆயிலில் கலக்கும் மருந்தை, பக்கத்தில் நின்ற கார்க்காரர் மாதம் தவறாமல் ஊற்றிய கார் அது. "எஞ்சின் ஆயுள் இரட்டிப்பு" என்று டப்பாவில் கொட்டை எழுத்து வேறு.

"மருந்து மேல பழி போடாதீங்க மச்சான்," என்று வாய் கூசாமல் சொன்ன மாப்பிள்ளை, தன் சோதனை மெஷினை மேஜையில் வைத்தார். சுழலும் இரும்பு வளையத்தின் மேல் ஒரு கம்பியை அழுத்தினார். வெறும் ஆயிலில் வளையம் கிறீச்சிட்டு நின்றது. மருந்து நாலு சொட்டு விட்டதும் வழுக்கிக்கொண்டு ஓடியது. கார்க்காரர் வாயைப் பிளந்தார்.

மெக்கானிக் புது வளையம் மாட்டினார். குளியலறையிலிருந்து ஷாம்பு பாட்டிலைக் கொண்டுவந்து அதன்மேல் ஊற்றினார். வளையம் அதே மாதிரி சத்தமில்லாமல் ஓடியது.

"அப்போ இதையும் எஞ்சின்ல ஊத்திடலாமா மாப்ளே?"

கார்க்காரர் மருந்து டப்பாவைக் குப்பையில் வீசிவிட்டு வெளியே போனார். இனியாவது இந்த ஆளுக்குச் சூடு சொரணை வரும் என்று மெக்கானிக் திரும்பினார். மாப்பிள்ளை ஷாம்பு பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், இது மொத்தமா வாங்கினா என்ன விலைக்குக் கிடைக்கும்?"