அக்கா வீட்டு இணைப்பு

அவன் திரையில் சிவப்பாக வந்து நின்ற இணைய இணைப்பு அக்கா வீட்டுடையது. புதுப் படம் ஒன்றை யாரோ திருட்டுத்தனமாக இறக்கியிருந்தார்கள். யாரோ என்ன, மாமாதான். டிக்கெட்டுக்குக் காசு கொடுப்பதென்றால் அவருக்கு உயிரே போய்விடும். அவனுக்குச் சிரிப்புதான் வந்தது.

இணைய நிறுவனத்தில் அவனுக்கு இதுதான் வேலை. படக் கம்பெனி கைகாட்டும் வீட்டில் இறக்கியது யார் என்று சொல்லி எச்சரிக்கை அனுப்ப வேண்டும். அதற்காக அந்த நேரத்துக்கு முன்னும் பின்னும் வீட்டார் எந்தெந்தத் தளங்களுக்குப் போனார்கள் என்பது அவனுக்குத் திறக்கும். உள்ளே என்ன படித்தார்கள் என்று தெரியாது. தளத்தின் பெயரே போதும், ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். அப்பனா பிள்ளையா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவதால் அலுவலகத்தில் அவனுக்கு ‘மோப்பம்’ என்று பெயர். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

திறந்தான். மாமாவின் படத்துக்குப் பக்கத்திலேயே வேறொரு தடம். வீட்டில் அடிபடும் பெண்களைத் தங்கவைக்கும் இல்லம். விவாகரத்து வக்கீல்கள். மறுபடி அதே இல்லம். போன முறை பார்த்தபோது கன்னத்து வீக்கத்தைப் பல்வலி என்று அக்கா சொன்னாள், இவனும் நம்பினான். ஊரார் வீட்டையெல்லாம் மோப்பம் பிடித்தவனுக்குக் கூடப்பிறந்தவளின் கன்னம் தெரியவில்லை.

எச்சரிக்கை அனுப்பினால் இந்தப் பெயர்கள் அத்தனையும் ஆதாரமாகச் சேர்ந்து இணைப்புக்காரருக்கு, அதாவது மாமாவுக்கே போகும். ‘ஆளை அடையாளம் காண முடியவில்லை’ என்று போட்டு மூடினான். அத்தோடு வாயையும் மூடியிருக்கலாம். ஆனால் மாமா திருந்துகிற ஆளில்லை, அடுத்த முறை இது பக்கத்து நாற்காலிக்காரனிடம் போய் அவன் எச்சரிக்கையை அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அரித்தது. மாமா இல்லாத நேரம் பார்த்து அக்காவிடம் போனான்.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். சுற்றி வளைத்து ஒருவழியாகச் சொல்லி முடித்தான். மாமாவின் சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

“அவரு என் ஃபோனை வாங்கி வாங்கிப் பாக்கிறாரு. அதான் பழைய கம்ப்யூட்டர்ல பாத்துப் பாத்து அழிச்சேன். நீ அங்க உக்காந்து பாத்திருக்க.”

வேண்டுமென்று பார்க்கவில்லை என்றான். தன்னோடு வந்துவிடச் சொன்னான்.

“உன் வீட்டுக்கா? அவரு மொதல்ல வந்து நிக்கிற எடமே அதுதான்டா. யாருக்கும் தெரியாத எடம்னு ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. உன்கூட வேலை பாக்கிறவங்களுக்கும் இதெல்லாம் தெரியுமா?”

அவனால் பொய் சொல்ல முடியவில்லை. அவள் சட்டையை அலமாரியில் வைத்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

கொஞ்ச நாளில் மாமா இன்னொரு படம் இறக்கினார். வீடு மறுபடி அவன் திரைக்கே வந்தது. அந்த இல்லத்தின் பெயர் இருக்காதா என்று வேண்டிக்கொண்டே திறந்தான். இல்லை. வக்கீல்களும் இல்லை. ஒரு பல் மருத்துவமனையின் பெயர் மட்டும் திரும்பத் திரும்ப வந்திருந்தது.