முழங்கை வரைக்கும் ஒரு நூலகர்

நூலகர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பெண் முழங்கைக்குக் கீழே மட்டும்தான் தெரிந்தாள். இரண்டு முதுகலைப் பட்டம், கணினிப் பட்டயம், தகுதித் தேர்வு என்று வக்கணையாகக் கேட்டு வாங்கிய நிர்வாகக் குழு கொடுத்த சம்பளம் அவ்வளவுக்குத்தான் எட்டியது. வாட்ச்மேன் நிரந்தரப் பணியாளர். அவர் வாசலில் தொப்பையோடு முழுசாகவே தெரிந்தார். முதல் வாரம் வாசகர்கள் மிரண்டார்கள். பழகப் பழகப் பாலும் புளிக்குமே, அப்புறம் அந்தரத்தில் இரண்டு கைகள் புத்தக முதுகில் எண் ஒட்டுவதை யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கையம்மா, நாலாம் பாகம் வந்துச்சா?" என்பார்கள். கை எடுத்துக் கொடுக்கும்.

வீட்டிலும் அதே கதிதான். ஒருநாள் கைகள் தலை பின்னிவிடும்போது மகள், "அம்மா, உன் மூக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டுவிட்டாள். வேலையை விட்டுவிடச் சொன்னான் கணவன். "விட்டா முழுசாத் தெரிவேன். அப்புறம் மூணு பேரும் எலும்பும் தோலுமாத் தெரிவோம், பரவாயில்லையா?" என்றாள். நிரந்தரமானால் சம்பளம் முகம் வரைக்கும் எட்டும் என்று நம்பி மனுப் போட்டாள்.

மனுவை விசாரிக்க வந்த குழு, நாற்காலியில் ஆளைக் காணோம் என்று பணியிடம் காலி என எழுதிக்கொண்டு போனது. உடனே விளம்பரமும் வந்தது: அதே சம்பளம், கூடுதலாக முனைவர் பட்டம். படுபாவிகள்! யாரும் விண்ணப்பிக்கவில்லை. அவள்தான் அதே வேலையைப் பார்த்துக்கொண்டே வருஷக்கணக்கில் மாய்ந்து மாய்ந்து படித்து முனைவராகி, தன் வேலைக்கே நேர்முகத்துக்குப் போனாள். கைகள் சான்றிதழ்களை மேஜையில் அடுக்கின.

"எல்லாம் சரிதாம்மா. ஆனா ஆள் நேர்ல வரணுமே?" என்றார் தலைவர்.

"வந்துதான் சார் உக்காந்திருக்கேன்."

"அப்படி எழுத முடியாதும்மா. ஆடிட்ல கேப்பாங்க."

வேறு நாதியில்லாமல், பணியிடத்தைக் காலியாகவே வைத்து, அவளுக்குத் தற்காலிகமாகக் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தார்கள். யானைப் பசிக்குச் சோளப்பொரி. தோள் வரைக்கும் வந்தாள்.

"முகம் இந்தத் தடவையும் வரலடா கண்ணு," என்றாள் வீட்டுக்கு வந்து.

மகள் அதற்குள் நன்றாக வளர்ந்திருந்தாள். புதுத் தோளைத் தொட்டுப் பார்த்தாள். "இது வந்துடுச்சுல்ல," என்று அதில் சாய்ந்துகொண்டாள்.

நூலகர் தேவை என்ற விளம்பரம் இன்னும் வாசலில் இருக்கிறது. மழைக்கு ஓரம் பிய்ந்தால் கையம்மாதான் பசை தடவி ஒட்டுகிறாள்.