கோகுலனின் வரவு

எங்கள் பல்கலைக்கழக வளாகத்தைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். விடுதித் தண்ணீர் உப்பு, மின்விசிறியில் காற்றைவிடச் சத்தம்தான் அதிகம். எல்லாம் உண்மைதான், அதற்கென்ன? மூதூரில் எங்கள் வீட்டில் ஏழு பேருக்கு ஒரு மேசை. இங்கே நூலகத்தில் கடலைப் பார்த்தபடி எனக்கென்று ஒரு கதிரை இருந்தது. அதில் உட்கார்ந்து படித்த முதல் நாள் எனக்கு அழுகையே வந்துவிட்டது. றுவைஸ் என்று நான் ஒருவன் இருக்கிறேன் என்பதை வீட்டுக்கு வெளியே முதன்முதலில் ஒப்புக்கொண்ட இடம் அது.

கோகுலனும் என்னைப் போல இந்த இடத்தில் பைத்தியமாக இருந்தான். சல்லிக் கிராமத்தில் மீன்பிடிக் குடும்பம். தகப்பன் கதிரவேலருக்கு நெஞ்சு வருத்தம் வந்து மருந்தோடு வீட்டில் இருந்துவிட்ட பிறகு, தோணியை அவன்தான் தனியே கடலுக்குக் கொண்டுபோனான். விடியப் போய், திரும்பும்போது வளாகத்துக் கரையிலேயே தோணியை இழுத்து வைத்துவிட்டு, மீன்மணத்தோடு விரிவுரைக்கு ஓடிவருவான். பின்நேரம் தோணியை வீட்டுக்குக் கொண்டுபோவான்.

"கடலில நிண்டு பாத்தால் எங்கட கட்டிடம்தான் முதல்ல தெரியும், மச்சான். அதைப் பாத்துத்தான் தோணியைத் திருப்புறனான்" என்பான்.

எண்பது வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. அவன் பிந்தும் நாட்களில் வரவுத்தாளில் அவனுக்கும் சேர்த்து நானே கையெழுத்து வைத்துவிடுவேன். அவனைவிட அழகாகவே வைப்பேன். அதைக் களவு என்று ஒருநாளும் நினைத்ததில்லை. ஒருவனை வளாகத்தைவிட்டுப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறேன் என்று பெருமைதான் பட்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காற்று கடுமையாக இருந்தது. எட்டரை மணிக்குத் தாள் என்னிடம் வந்தபோது அவன் வரவில்லை. வழக்கம்போல வைத்தேன். இருநூறு பேர் இருக்கும் வகுப்பில் ஒருவன் இல்லாததை யார் கண்டார்கள்?

வீட்டில் கதிரவேலருக்கு மனம் கேட்கவில்லை. கோகுலன் கைபேசி நனைந்துவிடும் என்று அதை வீட்டில் வைத்துவிட்டுத்தான் கடலுக்குப் போவான். ஆகவே பத்து மணிபோல வளாகக் கந்தோருக்கு அழைத்து, மகன் வந்துவிட்டானா என்று கேட்டிருக்கிறார். அந்த அலுவலகத்தில் வேலை செய்யும் புஸ்பராணி அக்கா மிகவும் நல்லவர். அப்போதுதான் வந்து சேர்ந்த தாளை எடுத்துப் பார்த்திருக்கிறார்.

"ஓம் ஐயா, மகன் வகுப்புக்கு வந்திருக்கிறார். கையெழுத்து இருக்கு. நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ."

கதிரவேலர் யாரையும் தேடி அனுப்பாமல், நெஞ்சு வருத்தக் குளிசையைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

நானும் தேடவில்லை. காற்றைக் கண்டு கடலுக்கே போகாமல் வீட்டில் கிடந்து தூங்குகிறான் என்று நினைத்தேன். எனக்கு எரிச்சல் வேறு.

மறுநாள் காலையில் சல்லித் தோணிகள் அவனைக் கண்டெடுத்தன. கவிழ்ந்த தோணியின் கயிற்றைக் கையில் சுற்றியபடி மிதந்தான். முதல்நாள் பின்நேரம் மூன்று மணியளவில்தான் உயிர் போயிருக்கிறது என்றார் வைத்தியர். வகுப்பு முடிந்து வீட்டுக்குத் தோணியைக் கொண்டுவரும் வழியில் கவிழ்ந்திருக்கிறது என்று ஊரே முடிவுகட்டியது. செத்தவீட்டில் நான் வாயைத் திறக்கவில்லை.

எட்டாம் நாள் எட்டுச்செலவுச் சடங்கு முடிந்து கதிரவேலர் வளாகத்துக்கு வந்தார். அதற்கு முன் அவர் உள்ளே வந்ததே இல்லை. நான்தான் கூட்டிக்கொண்டு திரிந்தேன். நூலகத்தைக் காட்டினேன். விரிவுரை மண்டபத்தில் கோகுலன் உட்காரும் இடத்தைக் காட்டியபோது, அந்தக் கதிரையில் மெதுவாக உட்கார்ந்து பார்த்தார்.

"இவ்வளவு பெரிய இடத்திலயோ என்ர பிள்ளை படிச்சவன்!"

கந்தோரில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அந்தச் செவ்வாய்க்கிழமைத் தாளின் ஒரு பிரதி. புஸ்பராணி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தார். கதிரவேலர் வெளியே வந்து மரநிழலில் நின்று, என்னுடைய எழுத்தை விரலால் தடவினார்.

"அவன்ர படத்துக்குப் பக்கத்தில கண்ணாடி போட்டு மாட்டப்போறன், தம்பி. கடைசி நாளும் படிச்சுப்போட்டுத்தானே போனவன். இதை நினைச்சுத்தான் எனக்குக் கொஞ்சமெண்டாலும் நித்திரை வருது."

அந்த நித்திரையை அவருக்கு விட்டுக்கொடுத்திருக்கலாம். இன்னும் கொஞ்சம் நல்லவனாக இருந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு நின்றிருப்பேன். ஆனால், அவன் படத்துக்குப் பக்கத்தில் என் களவைத் தொங்கவிட்டு விளக்கு வைக்கப்போகிறார்களே என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

"ஐயா, அது அவன் வைச்சதில்லை. நான் வைச்சனான். அவன் அண்டைக்கு வகுப்புக்கு வரவேயில்லை."

என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப நான் போன் எடுக்கேக்க, அவன் தண்ணிக்குள்ளயோ கிடந்தவன்?"

"ஓம் ஐயா."

"மூண்டு மணி வரைக்கும்? உயிரோட?"

அதற்கும் ஓம் என்றேன்.