வாகமண் ஏற்றத்தில் வழுக்கிய கிளட்ச்

என் அக்கா ரீத்தாம்மா சேச்சி ஈராற்றுப்பேட்டையில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவள். ஆனாலும் வீட்டிலுள்ள பழைய மாருதியை மலையேற்ற அவளை விடமாட்டார் அவள் கணவர் சாக்கோச்சன். பேக்கரிக்காரர். அந்த வண்டிக்கு அவரேதான் மெக்கானிக்கும்.

அன்று வாகமணில் சொந்தக்காரர் வீட்டு நிச்சயதார்த்தம். தீக்கோயி தாண்டி ஏற்றம் தொடங்கியதும் எஞ்சின் அலறியது, வண்டி ஊர்ந்தது. சாக்கோச்சன் கண்ணாடி வழியே பின்சீட்டிலிருந்த தன் மச்சினனான என்னைப் பார்த்தார்.

"அளியா, கொஞ்சம் எறங்கி நடந்து வாயேன். உன் பாரத்துக்கு வண்டி மூச்சு வாங்குது."

நான் பருமன்தான். இறங்கி நடந்தேன். அடுத்த வளைவிலேயே காரை முந்திவிட்டேன். அதைப் பார்த்துச் சேச்சி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சாக்கோச்சன் உடனே பெட்ரோலில் கலப்படம் என்றார். அதற்குள் ஏதோ கருகும் வாடை வரவே, டீக்கடை முன்னாலிருந்த சமதளத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டாள் சேச்சி.

"ஹேண்ட் பிரேக்கை நல்லா இழுங்க. மூணாவது கியர் போட்டு கிளட்சை மெதுவா விடுங்க. எஞ்சின் அணைஞ்சா கிளட்ச் சரியா இருக்கு."

அவர் கிளட்சை விட்டார். எஞ்சின் அணையவில்லை. அது பாட்டுக்கு ஓடியது, வண்டி அசையவில்லை. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து நின்றுகொண்டார்கள்.

சேச்சி குனிந்து கிளட்ச் பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தாள். தொட்டதுமே விறைப்பாக இருந்தது, துளித் தளர்ச்சி இல்லை.

"கேபிளை யாராச்சும் முறுக்கினீங்களா?"

சாக்கோச்சன் வெளியே பார்த்தார். கியர் விழக் கஷ்டமாக இருந்ததால் தானே கொஞ்சம் முறுக்கியதாக மெல்லச் சொன்னார்.

"நீங்க மிதிக்காமலே அது பாதி மிதிச்ச மாதிரி நிக்குது. பிடி எங்கேருந்து வரும்?"

சூடு ஆறும்வரை டீ குடித்தோம். பிறகு சேச்சி பானெட்டைத் திறந்து கேபிள் நட்டைத் தளர்த்தினாள். மறுபடி அதே சோதனை. இம்முறை எஞ்சின் ஒரு குலுக்கலோடு அணைந்தது. கிளட்ச் தட்டு கொஞ்சம் தேய்ந்திருக்கும், ஒர்க்ஷாப்பில் காட்ட வேண்டும் என்றாள். சாக்கோச்சன் சாவியை அவளிடமே நீட்டினார்.

போய்ச் சேர்ந்தபோது கப்பைக்கிழங்கும் மீன்கறியும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அப்பாவிடம் சாக்கோச்சன், கிளட்ச் வழுக்கலை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கைகளை ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தார். எல்லாம் சரியாகவே சொன்னார். சேச்சி குறுக்கே பேசாமல் இரண்டாம் முறை மீன்கறி வாங்கிக்கொண்டாள்.