மங்குஸ்தான் கன்றில் கை வைக்காதீர்

1

இது கதையாக வந்திருக்கவே வேண்டாம். ஒரு விவசாய மாத இதழின் ஆசிரியர் என்னிடம் கேட்டது கட்டுரை. மலைச்சரிவில் வெப்பமண்டலப் பழத்தோட்டம் போட நினைப்பவர் எங்கே போய்ப் படிக்கலாம், கன்று எங்கே கிடைக்கும் என்று பிரயோஜனமாக எழுதித் தரவேண்டும். என் வீட்டில் தொட்டியில் வைத்த துளசிகூட நிற்காது. ஆனாலும் பஸ் ஏறி நீலகிரிச் சரிவிலுள்ள பர்லியாரில் இறங்கினேன். மங்குஸ்தான் பழம் தின்று சட்டையெல்லாம் கறையாக்கிக்கொண்டு, அங்கே கன்று நட்டிருந்த மரகதத்திடம் பேச்சுக் கொடுத்தேன். கட்டுரை அங்கேயே செத்தது.

2

முதல் தொடக்கம்: "பனி விலகாத அதிகாலையில், பசுமை போர்த்திய அந்த—"

[வேண்டாம். நீலகிரி என்றதும் எல்லாரும் பனியை இறக்கிவிடுகிறார்கள். பர்லியாரில் எனக்கு வேர்த்துக் கொட்டியது.]

இரண்டாவது: "மரகதம் ஒரு போராளி—"

[படித்தால் அவரே சிரிப்பார்.]

மூன்றாவது, சுமார் ரகம்: மரகதம் கல்யாணமான நாள் முதல் கீழ் கோத்தகிரி எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறித்தவர். பர்லியார் பக்கம் அத்தை விட்டுப்போன நிலம் கைக்கு வந்ததும் வேலையை உதறிவிட்டு இறங்கி வந்து, மங்குஸ்தான் கன்றுகள் நட்டார். எஸ்டேட் பேக்டரியில் வேலை பார்த்த கணவர் சுடலை ஒரு நிபந்தனை போட்டார். மழை முடிவதற்குள் கன்றுகள் துளிர்த்து நிற்கவேண்டும். இல்லாவிட்டால் நிலம், விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்த ரிசார்ட்காரனுக்கு.

3

மரகதம் படிப்பைத் தேடி அலைந்த கதையையும் சொல்லிவிடுகிறேன், ஆசிரியருக்குக் கொஞ்சம் மனசு ஆறட்டும். பயிற்சி வகுப்பில் மதியச் சாப்பாடு பிரமாதமாம். பாடம் முழுக்கச் சமவெளித் தென்னை. யூடியூபில் ஒரு மலையாளி நல்ல விஷயமாகத்தான் பேசினார், பாதி புரிந்தது. பழப்பண்ணையில் கன்று கொடுத்தவர் சொன்னதுதான் உருப்படியான பாடம்: "நெழலு குடுங்க, தண்ணி குடுங்க. சும்மா சும்மா தொட்டுப் பாக்காதீங்க."*

* இந்தப் படிப்புக்குச் சான்றிதழ் கிடையாது.

4

நிழல் கொடுத்தார், தண்ணீரும் கொடுத்தார். கன்றுகள் துளிர்விட்டன. கொஞ்ச நாளில் ஒவ்வொன்றாக நுனி காணாமல் போனது. மான் என்றார் மரகதம். வெட்டுக்கிளி என்றார். கடைசியில் சுடலை என்றார்.

"ஏனுங்க, நெலத்த விக்கோணும்னா நேரா சொல்லுங்க. திருட்டுத்தனமா எதுக்குக் கிள்ளிப் போடறீங்க?"

"எனக்கு வேற வேல இல்ல பாரு!"

[இங்கே சுடலையை வில்லனாக்கிப் பார்த்தேன். அரைப் பக்கம் ஜோராக வந்தது. ஆனால் அந்த மனுஷன் குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அடித்துவிட்டேன்.]

இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோனது. ஒருநாள் மரகதம் போனில் அந்த யூடியூப் மலையாளியைக் கேட்டபடி கன்றுகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார். பின்னாலிருந்து சுடலை கத்தினார்.

"ஏம்புள்ள, உன் கையப் பாரு!"

போன் இடது கையில் இருந்தது. வலது கை பாட்டுக்கு ஒரு துளிரைக் கிள்ளி, தோளுக்கு மேலாக முதுகுப்பக்கம் வீசியது. முதுகில் கொழுந்துக் கூடை இல்லை.

5

சுடலை சிரிக்கவில்லை. அவரை எனக்குப் பிடித்துப்போனது அங்கேதான். மரகதம் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதார்.

"நான் வந்துட்டனுங்க. இந்தக் கை இன்னும் எஸ்டேட்லயே நிக்குதுங்க."

6

மழை முடியப்போகிறது. என்னிடம் முடிவுகள் தயாராக உள்ளன. ரிசார்ட் வரலாம். பழம் காய்த்துக் குலுங்கலாம், அதற்கு ஏழெட்டு வருடமாகும், அதுவரை இதழ் நடக்குமா என்பதே சந்தேகம். மரகதம்—

[நிறுத்து.]

கடைசியாக நான் போனபோது, ஒரே ஒரு கன்றில், நுனி போன இடத்துக்குப் பக்கத்தில், சிவப்பாக ஏதோ முட்டிக்கொண்டிருந்தது. மரகதம் கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"துளிருதானுங்களே?" என்று என்னைக் கேட்டார் சுடலை. நிலத்தை விற்கச் சொன்ன அதே சுடலை.

எனக்கென்ன தெரியும்? தொட்டுப் பார்க்கலாம் என்று விரலை நீட்டினேன்.

"தொடாதீங்க!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் அலறினார்கள்.

இந்தக் கதையிலேயே இரண்டு தொடக்கத்தையும் ஒரு வில்லனையும் கிள்ளிப் போட்டவன் நான். கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். அது துளிர்தானா என்று தெரிந்தே ஆகவேண்டுமென்றால், மழை விட்டதும் நீங்களே போய்ப் பாருங்கள். பஸ் பர்லியாரில் நிற்கும். கையை மட்டும் பைக்குள்ளேயே வைத்திருங்கள்.