இருசம்மாளின் பேர் வெட்டு

1995 மார்ச் மாதம், மலாக்காப் பக்கம் சிம்பாங் அம்பாட்டுக்கு உள்ளே ஏழாங்கட்டை ரப்பர் தோட்டத்தில், இருசம்மாளை வேலையிலிருந்து நிறுத்த வாயைத் திறந்த தோட்டக் கணக்கர் அப்புசாமி கிராணிக்குச் சொல் வரவில்லை. ஒரு முழம் ஒட்டுப்பால் வந்தது. ரப்பர் மரத்தின் வெட்டுக்காயத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் அதே பழுப்பு நாடா. இருசம்மாள் அதை இழுத்து எடுத்துத் தன் சாக்கில் போட்டுக்கொண்டாள்.

"என்னா கிராணி, விடியறதுக்குள்ள வாய்ல பால் கட்டிக்கிச்சு?" என்றாள். பேர் கூப்பிடும் காலைப் பெரட்டில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு அன்று வேலை போயிருந்தது. தோட்டத்தை ஒரு வீடமைப்பு நிறுவனம் வாங்கியிருந்தது. அந்தத் தோட்டத்தில் வேலை நீக்கத்துக்குக் கடிதம் செல்லாது. காலை ஐந்தரை மணிப் பெரட்டில், எல்லார் முன்னாலும், முகத்தைப் பார்த்துக் கிராணி சொல்ல வேண்டும்: "ஒன் பேர வெட்டியாச்சு." சொன்னால் ஒரு வாரத்தில் தோட்டம் கொடுத்த லயத்து வரிசை வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். சொல்லாதவரை வேலையும் உண்டு, வீடும் உண்டு. வெள்ளைக்காரத் துரை காலத்துப் பழக்கம். கிராணி முப்பத்தொரு வருடமாக அதைத் திக்காமல் சொல்லிவந்தவர். அன்றைக்கு மட்டும் நாற்பத்தொரு பேருக்குச் சொல்லிவிட்டுத்தான் இருசம்மாளிடம் வந்திருந்தார்.

மறுநாள் வேறு சொற்களை முயன்றார். நிப்பாட்டியாச்சு. சீட்டுக் கிழிஞ்சிருச்சு. ஆள் குறைப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாடா. மூன்றாம் நாள் மேனேஜரே வந்து இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தார். அவருடையது மெல்லியதாக, அழுக்கில்லாமல் வந்தது. மலாக்காவிலிருந்து வந்த நிறுவன அதிகாரி மலாயில் ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு காருக்குப் போனார். பழக்கத்தை மீறிக் கடிதமும் அனுப்பினார்கள். உறை ஈரமாக இருந்தது. உள்ளே தாள் வெள்ளையாக இருந்தது, பால் வாடை அடித்தது.

இருசம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. புருஷன் இறந்து ஒன்பது வருடம். மகள் திலகவதி ஆயர் குரோவில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்தாள். விடுதியில் ஒரு அறைக்கு எட்டுப் பேர். லயத்து வீட்டுக் கதவு போனால் இரண்டு பேருக்கும் வேறு கதவு கிடையாது. அதனால் இருசம்மாள் ஒருநாள்கூடப் பெரட்டுக்குத் தவறவில்லை. காய்ச்சலோடும் போனாள். கிராணி பேரைக் கூப்பிட்டார், அவள் "இருக்கேன்" என்றாள்.

1996இல் மரங்களைச் சாய்த்தார்கள். மறு வருடம் மற்ற லயங்களை இடித்து வரிசை வீடுகள் கட்டினார்கள். இருசம்மாளின் வீட்டை மட்டும் தொட முடியவில்லை, அவள் இன்னும் வேலையில் இருந்தாள். தாமான் என்ற அந்தப் புதுக் குடியிருப்பின் சாலை அந்த இடத்தில் வளைந்து போனது. மரம் இல்லாததால் அவள் விளக்குக் கம்பங்களில் பால் வெட்டும் உளியைப் போட்டாள். பால் இறங்கவில்லை. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, மழைக்காலத்திலும் இறங்காதுதான்.

1998இல் திலகவதி ஒரு பையோடு வந்து சேர்ந்தாள். நானூறு பேரை மண்டபத்தில் உட்காரவைத்து வேலை இல்லை என்று மைக்கில் சொன்னார்களாம்.

"சொன்னவன் வாய்ல ஒண்ணும் வரலியா?"

"இல்லம்மா. நல்லா பேசுனான்லா. தண்ணிகூடக் குடிக்கல."

இருசம்மாள் மகளுக்குச் சோறு போட்டாள். அடுத்த மாதம் அப்புசாமி கிராணி ஒரு தகரப் பெட்டியும் பேரேட்டுப் புத்தகமுமாக வாசலில் நின்றார். அவர் குவார்ட்டர்ஸையும் பூட்டிவிட்டார்கள். நாற்பத்தொரு குடும்பத்தை ஒரே காலையில் வெளியே அனுப்பியவர், உள்ளே வரலாமா என்று கேட்கக் கூச்சப்பட்டார்.

"யாரு சொன்னா?" என்று இருசம்மாள் கேட்டாள்.

"போன்ல சொன்னாங்க."

"பெரட்டுல சொல்லலியா?"

"பெரட்டுல என்னை விட்டா சொல்றதுக்கு யாரு இருக்கா?"

"அப்பச் செல்லாது. உள்ள வாங்க."

மறுநாள் ஐந்தரைக்கு இருவரும் பெரட்டுக் களத்தில் நின்றார்கள். அது இப்போது கார் நிறுத்துமிடம். கிராணி புத்தகத்தைப் பிரித்து இருசம்மாளின் பேரைக் கூப்பிட்டார். "இருக்கேன்." பிறகு அவள் புத்தகத்தைக் கையில் வாங்கிக்கொண்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"அப்புசாமி."

அந்தப் பேரை இந்தக் களத்தில் யாரும் கூப்பிட்டதில்லை.

"இருக்கேன்."

இரண்டு பேரும் உளியை எடுத்துக்கொண்டு போனார்கள். அன்றைக்கு முதல் கம்பத்திலேயே பால் இறங்கியது. தாமான்காரர்கள் அன்று முதல் காரைக் கம்பத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினார்கள்.