நான்கு கருந்துளைகள், ஒரு கோள்

"என் ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டெல்லாம் குடுங்கப்பா," கேட்டேவிட்டாள் எழில், எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் அப்பாவிடம் கேட்காதே என்று அம்மா ஒரு வாரமாய்ச் சொல்லியும்... நாளைக் காலை சென்னையில் சரிபார்ப்பு, காட்டாவிட்டால் ஆராய்ச்சி இடம் அடுத்த ஆளுக்கு, வேறு எதைக் கேட்பது? பௌர்ணமிக் கிரிவலக் கூட்டம் அடி அண்ணாமலையில் அவர்களுடைய பூஜைச் சாமான் கடையை மொய்த்தது, அப்பா சகாதேவன் யாருக்கோ கற்பூரத்தை நீட்டியபடி, மகள் முகத்தைப் பாராமல், "அது போளூர்ல கீது, அரிசி மண்டிக்காரரு வீட்ல" என்றார். யார் அது? "மாப்ள வீடு. போன வாரம் ஒப்புத் தாம்பூலம் மாத்தனோம், தட்டுல வச்சுக் குடுத்துட்டேன். நம்ம வம்சத்துல யாருகிட்ட கீது அந்த மாதிரி? நகையவிட அதான் ஜாஸ்தி மரியாதன்னு உங்க மாமாவே சொன்னாரு."

வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், அதன்மேல் எம்.எஸ்சி. இயற்பியல்... அவளுக்குக் கோபம் வரவேண்டுமே, எங்கே போய்த் தொலைந்தது அது? பெருமையாகத்தான் வைத்திருக்கிறார், அதுதான் தாங்கவில்லை. "மரம் மாதிரி நிக்காதடி, பழத்த எடு," என்றாள் அம்மா சந்திரம்மாள், "தாலி ஏறட்டும், படிக்க வைக்கிறோம்னாங்க." "அவங்க யாரும்மா என்ன படிக்க வைக்க?" என்றாள், பழத்தைத் தொடாமல். நான்கு கருந்துளைகளுக்கு நடுவே ஒரு கோள் பிழைக்குமா, அவளுடைய ப்ராஜெக்ட், கணினியில் ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்தாள், நட்டநடுவில் நிறுத்தினால் எல்லாப் பக்கமும் சமமாய் இழுக்கும், அசையாமல் நிற்கும், மயிரிழை நகர்ந்தால் தீர்ந்தது, ஒன்றையே ஒட்டிச் சுற்றினால் பிழைக்கலாம், இன்னொன்று கிட்டே வரும்வரை... நேர்காணலில் அந்தப் பேராசிரியர் கேட்டாரே, "அழிஞ்சதுன்னு எழுநூறு போட்டிருக்கியே, அதுல முழுங்கினது எத்தனை?" அறுபதுகூட இல்லை. மற்றதெல்லாம் வெளியே வீசியெறியப்பட்டவை. "வெளிய போனா அழிஞ்சதா?" சூரியன் கிடையாது, உறைஞ்சிடும், எவன் சார் வாழ்வான் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்தாள். ஏன் அப்படி எண்ணினாள்? வீட்டைவிட்டுப் போனவளைச் செத்தவள் கணக்கில் வைக்கும் ஊரில் வளர்ந்ததாலா? உறையட்டுமே, உடையவில்லையே...

"எங்கடி கெளம்பிட்ட?" "போளூருக்கு. நானே கேட்டு வாங்கிக்கிறேன்." "ஐயோ, பொண்ணு போயி கேட்டா சம்பந்தமே முறிஞ்சிடும்டி!" "முறியட்டும்." அப்பாவின் கையில் கற்பூரம் அப்படியே நின்றது, வாங்க வந்தவர் காத்திருந்தார். எழில் செருப்பை மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் இறங்கினாள். இன்றைக்கு இந்தப் பாதையில் பஸ் வராது, டவுன்வரை நடக்க வேண்டும், பரவாயில்லை... பாதி தெரு போனபிறகுதான் உறைத்தது, அந்த மாப்பிள்ளையின் பேர் என்னவென்று அவர்களும் சொல்லவில்லை, அவளுக்கும் கேட்கத் தோன்றவில்லை.